இறக்கம் வரட்டும்

கையேட்டில் மொத்தம் இருநூற்றுப் பத்துக் கேள்விகள். அக்கா இருநூற்று ஒன்பதுக்குச் சரியாகப் பதில் சொல்வாள்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே சொல்வாள். நான் கதவில் சாய்ந்துகொண்டு வாசிப்பேன். கையேட்டின் தமிழ் விறைப்பானது. எல்லாக் கேள்வியும் "செலுத்துநர் யாது செய்தல் வேண்டும்?" என்றுதான் முடியும். முதல் வாரமே அக்கா எனக்கு 'யாது' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"யாது, அடுத்தது."

"சாலையில் கால்நடைகள் குறுக்கிடும்போது செலுத்துநர் யாது செய்தல் வேண்டும்?"

"யாதும் செய்ய வேணாம். மாடு போற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"அ, ஆ, இ-ல சொல்லு."

"இ."

சரிதான்.

பிறகு பதினேழாவது கேள்வி வரும். நீண்ட இறக்கத்தில் பாரம் ஏற்றிய வாகனத்தை ஓட்டுகையில் செலுத்துநர் யாது செய்தல் வேண்டும்? அ, கியரை நியூட்ரலில் விட்டு பிரேக்கைப் பயன்படுத்துதல். ஆ, இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்றுதல். இ, கிளட்சை மிதித்தபடி இறங்குதல்.

"அ" என்பாள் அக்கா.

"அ இல்லக்கா. ஆ."

"உங்கத்தான் பதினாலு வருஷம் நியூட்ரல்லதான் இறக்கினாரு. இந்தப் பொஸ்தகத்தை எழுதினவன் லாரிப் படியில கால் வெச்சிருப்பானா?"

"பரீட்சைக்காவது ஆ-ன்னு போடேன்."

"கை வர மாட்டேங்குது."

கனரக வாகன உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் பிரேக் பகுதிக்கு ஒரு தனி விதி உண்டு. மற்றப் பகுதிகளில் நாலைந்து தவறலாம். பிரேக்கில் பத்துக்குப் பத்தும் சரியாக இருக்க வேண்டும். போன மாதம் அக்கா ஒன்பது வாங்கினாள். எது தவறியது என்று நான் கேட்கவில்லை.

அத்தான் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. மலைமேல் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, ஏழாவது வளைவில் லாரி நிற்கவில்லை. கம்பெனி அறிக்கையில் 'பிரேக் செயலிழப்பு' என்று இரண்டே சொற்கள். அந்த லாரிக்குப் பத்து நாள் முன்புதான் பிரேக் லைனிங் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் பணிமனையின் மூத்த மெக்கானிக், அத்தானின் கூட்டாளி. மூன்றாவது வாரம் அக்கா பணிமனைக்குப் போனாள். எல்லோருக்கும் முன்னால், "அந்தக் கை வெளங்குமா?" என்று அவரைக் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கம்பெனி அவரைப் பிரேக் வேலைக்கு விடுவதில்லை. டயர்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் இருப்பது ஓட்டுநர் குடியிருப்பு. ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் இரண்டு படி. ஓட்டுநர் இல்லாத வீட்டைக் கம்பெனி ஒரு வருஷத்துக்குமேல் விட்டுவைக்காது. அக்கா கேன்டீன் வேனை ஓட்டுகிறாள். சின்ன வண்டி உரிமம் கணக்கில் வராது. இந்த மாதக் கடைசியில் தொழிலாளர் பஸ்ஸை ஓட்டுபவர் ஓய்வு பெறுகிறார். எழுத்துத் தேர்வில் தேறிய தாளைக் கொண்டுவந்தால் மற்ற பயிற்சியைக் கம்பெனியே தரும், பஸ்ஸும் உனக்கு, வீடும் உனக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதற்குள் இன்னும் ஒரே ஒரு முறைதான் தேர்வு எழுத முடியும்.

வேறு வீடு கிடைக்காமல் இல்லை. ஆனால் அந்தப் பின்படி வேறு வீட்டில் கிடைக்காது. சாயங்காலம் ஆறேகாலுக்கு அத்தான் போன் செய்வார். அக்கா அந்தப் படியில் உட்கார்ந்து, "என்ன? கேக்கல. சத்தமா பேசுங்க" என்று கத்துவாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் சட்டென்று தணிந்துவிடும். சிரிப்பு மட்டும் வரும். நான் எழுந்து முன்பக்கம் போய்விடுவேன். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர்களோடுதான் இருக்கிறேன். அத்தான் இருந்த நாலு வருஷமும் அப்படித்தான்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. விடையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிடப் புரிய வைப்பது நல்லது என்று நினைத்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. இயற்பியல் என்றால் மட்டும் வாய் திறக்கும்.

"கை ரெண்டையும் தேய்ச்சுப் பாருக்கா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தேய்த்தாள். "சூடாகுது. அதுக்கென்ன?"

"பிரேக்கும் அதேதான். மேல இருக்கிற லாரிக்குள்ள ஒரு சக்தி இருக்கு. கீழ வர்றப்போ அது எங்கயாவது போயாகணும். கியர்ல இருந்தா இன்ஜின் நிறைய வாங்கிக்கும். நியூட்ரல்ல விட்டா மொத்தத்தையும் பிரேக் தலையில கட்டுற மாதிரி."

"கட்டினா?"

"சூடேறிக்கிட்டே போகும். ஒரு அளவுக்கு மேல லைனிங்ல பிடிப்பே இருக்காது. எவ்வளவு மிதிச்சாலும் வழுக்கும்."

"பழைய லைனிங்னா."

"புதுசுன்னாலும்தான்."

அக்கா கைகளைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். "எவ்வளவு நேரத்துல அப்படி ஆகும்?"

"அது பாரத்தைப் பொறுத்தது."

"இருபது டன்னு. ஆறு நிமிஷம்னு வெச்சுக்கோ."

ஏன் ஆறு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையேட்டின் பின்னட்டையில் கணக்குப் போடத் தொடங்கினேன். இருபது டன். ஆறு நிமிஷத்தில் ஆறு கிலோமீட்டர். இறங்கும் உயரம் நானூறு மீட்டர். காற்றும் டயரும் வாங்கிக்கொள்வதைக் கழித்தேன். கணக்கு அழகாக வந்தது.

"இருநூறு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம்க்கா அந்தச் சூட்டுல" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். "ஆறு நிமிஷம் தாராளம்."

"தாராளம்" என்றாள் அக்கா.

எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பாதி உரித்த வெங்காயம் தரையிலேயே கிடந்தது. அடுத்த கேள்வியை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் மதியம், "கூட வா" என்று என்னைப் பணிமனைக்கு அழைத்துப்போனாள். மெக்கானிக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காரு தங்கச்சி" என்றார்.

அக்கா உட்காரவில்லை. "அண்ணே, வண்டியை மேல தூக்கினப்ப நீங்க இருந்தீங்கல்ல. கியர் எதுல இருந்துச்சு?"

அவர் பழந்துணியை எடுத்து விரல்களைத் துடைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு விரலாக. "நசுங்கிக் கிடந்துச்சு. எதுல இருந்தா என்ன இப்ப."

"நியூட்ரலா?"

துடைத்துக்கொண்டே இருந்தார். முடித்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"அண்ணே."

"ஆமா" என்றார்.

"ஏன் சொல்லல?"

"செத்தவனைப் போய் என்னன்னு சொல்றது? கம்பெனி பிரேக்குன்னு எழுதிட்டான். நீயும் பிரேக்குன்னு வந்து நின்ன. என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் மட்டுமா, எல்லாப் பயலும் பண்றதுதான். டீசல் மிச்சமாகுதுன்னு இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுடுவானுங்க. நானே எத்தனை தடவை திட்டியிருக்கேன்."

"டீசலுக்கு இல்லண்ணே."

அவர் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஆறேகாலுக்கு எனக்கு போன் பண்ணுவாரு. மலைமேல இன்ஜின் போடுற சத்தத்துல ஒரு எழவும் கேக்காது. கேக்கல கேக்கலன்னு நான் கத்துவேன். 'இரு, இறக்கம் வரட்டும், பேசலாம்'பாரு. கொஞ்ச நேரத்துல சத்தம் அப்படியே அடங்கிடும். பக்கத்துல வந்து உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்." அக்காவின் குரலில் நடுக்கம் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "வண்டியை எப்படிச் சத்தமில்லாம பண்றீங்கன்னு ஒருநாள் கேட்டேன். நியூட்ரல்ல விட்டா லாரியும் நம்ம பேச்சைக் கேக்கும்னாரு. அது ஒரு வித்தைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

மெக்கானிக் கையை நீட்டி கம்ப்ரசரை அணைத்தார். பணிமனை திடீரென்று பெரிதாகிவிட்டது.

"அன்னிக்கு ஆறு நிமிஷம் பேசினோம். போன்ல இருக்கு, அழிக்கல. தண்ணி மோட்டார் ஓடலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். வந்து பாக்கறேன், நீ கையை வைக்காதேன்னாரு. அதோட கட்டாயிடுச்சு. சிக்னல் இல்ல போலன்னு வெங்காயம் நறுக்கப் போயிட்டேன்."

ஒரு டயரிலிருந்து காற்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. முன்பக்கம் எழுந்து போன நாலு வருஷத்தையும் நான் நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள் அங்கேயே இருந்து, என்ன பேச்சு என்று காது கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கணக்குத் தெரியுமே.

"உங்க கையை என்னென்னவோ சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவ்வளவு துடைத்தும் கறுப்பு போகவில்லை. "கைக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. காத்தடிச்சு காத்தடிச்சு கொஞ்சம் கொழுப்பு வேற போட்டிருக்கு."

அக்கா சிரிக்க முயன்றாள். அது சரியாக வரவில்லை. நாங்கள் கிளம்பும்போது அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தங்கச்சி. பஸ்ஸுல நாப்பது பேரு இருப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் கையேட்டை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஆறேகாலுக்கு அக்கா பின்படியில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை நான் முன்பக்கம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் போட்ட கணக்கு தவறு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் நம்பியிருக்க மாட்டாள். கையேட்டின் பின்னட்டையை அவள் கிழித்து மடித்து, அத்தானின் சட்டைகள் இருந்த பெட்டியில் வைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

"நான் கேக்கலன்னு கத்தாம இருந்திருந்தா" என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.

தேர்வுக்கூடத்தில் இருபது கணினிகள். உறவினர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம். அக்காவின் பின்னந்தலையும் வலது தோளும் தெரிந்தன. முதல் பகுதிகளில் அந்தத் தோள் சீராக அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் முடித்து எழுந்து போனார். அதற்கு அடுத்தவரும் போனார். சுவரில் இருந்த கடிகாரத்தையும் அந்தத் தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் வேண்டும்? அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், வீடே இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

தோள் ஒரு முறை அசைந்தது.

தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். பிரேக் பகுதிக்கு நேராகப் பத்து என்று அச்சாகியிருந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன போட்ட?"

"தாள்லதான் இருக்கே." தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும், "நாளைக்கு மேனேஜர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்" என்றாள்.

"ரெண்டா?"

"பாஸானது ஒண்ணு."

இன்னொன்றை நான் கேட்கவில்லை. மெக்கானிக்கின் கறுத்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் இடம் கிடைத்தது. ஊருக்குள் நுழையுமுன் ஒரு நீளமான இறக்கம். அது தொடங்குவதற்கு முன்பே ஓட்டுநர் கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறத் தொடங்கியது. கண்ணாடிகள் அதிர்ந்தன. முன்னால் பேசிக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் தீரட்டும் என்று காத்திருந்தார்கள்.

அக்கா ஓட்டுநரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கியர்மேலேயே இருந்தது. பிறகு முன்னிருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்தாள். அவள் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாய் திறந்திருந்தது. பதினோரு மாதத்தில் ஒருநாளும் அவள் வாய்விட்டு அழுததில்லை. இப்போது அழுதாள். பக்கத்தில் இருந்த எனக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை.

இறக்கம் முடிந்து ஓட்டுநர் கியரை மாற்றினார். இன்ஜின் சத்தம் தணிவதற்குள் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டுவிட்டாள்.