ரயிலுக்குச் சாம்பிராணி

என் தங்கை நஸீஹாவின் மாப்பிள்ளை பாக்கர், துபாயிலிருந்து பெரியபட்டினத்துக்கு ஒரேயடியாகத் திரும்பியபோது தங்கம் கொண்டுவரவில்லை. ரயில் கொண்டுவந்தார். நீராவி என்ஜின், வாழைக்காய் நீளம்; பின்னால் கோத்துவிட நாலைந்து கூட்ஸ் பெட்டி. அங்கே எட்டுப் பேர் படுத்த அறையில் ஓட்ட இடமில்லாமல், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே தலைமாட்டில் வைத்திருந்தாராம். இங்கே கூடம் முழுக்கத் தண்டவாளம் போட்டு, நடுவில் பாம்பன் பாலமும் கட்டினார். கப்பல் வராததால், நஸீஹாவின் துடைப்பம் வரும்போதெல்லாம் பாலத்தைத் தூக்கிவிட்டார்.

புகைதான் வரவில்லை. புகைக்கூண்டுக்குள் சூடாகும் கம்பியில் அதற்கென்றுள்ள எண்ணெயைச் சொட்டுவிட வேண்டும். அந்தக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடவில்லை.

"புகை விடாத என்ஜின், மீசை இல்லாத கெளுத்தி மாதிரி மச்சான்" என்று வருத்தப்பட்டார்.

வள்ளத்துக்குப் பூசும் சாளை மீன் எண்ணெயை நான்தான் சிபாரிசு செய்தேன். புகை வந்தது. கூடவே ஊர்ப் பூனைகளும் வந்தன. வரிசை கலையாமல் ரயிலுக்குப் பின்னால் நடந்தன. சிக்னலில் ரயில் நின்றபோது அவையும் நின்றன. நான் பொய் சொல்வதில்லை.

நஸீஹா மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணன் என்னிடம் வந்தாள். "காக்கா, இது வீடா, மீன் ஏலக்கூடமா? இன்னொரு தடவ வீடு நாறுச்சுன்னா ரயிலு ஆட்டுக் கொட்டகைக்குப் போயிரும். அங்கன ஆடு சீசன் டிக்கெட் எடுத்துக்கிரட்டும்."

பாக்கருக்கு முகம் செத்துப்போனது. மண்ணெண்ணெய் ஊற்றலாமே என்றேன்.

"பத்திக்கிரும் மச்சான். ஒங்க வாயக் கொஞ்சம் பூட்டுங்க."

அவரே எங்கெங்கோ விசாரித்து, என்னையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்து மருந்துக் கடையில் போய் லைட் லிக்விட் பாரஃபின் கேட்டார். கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார்.

"பெரியவருக்கு எத்தன நாளாப் போகல?"

"அவருக்கில்ல, ரயிலுக்கு. ஓடுது, புகைதான் போகல."

கடைக்காரர் குப்பியைக் கொடுத்துவிட்டு, டாக்டரைப் பார்க்கச் சொன்னார். எந்த டாக்டரை என்று சொல்லவில்லை.

நாலே சொட்டு. வெள்ளைப் புகை, வாடையே இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். பெண்டாட்டியைக் குளிர வைக்க ஆசைப்பட்டு, மனுசர் அதில் ஒரு சொட்டுச் சாம்பிராணித் தைலமும் கலந்தார். அன்று வியாழக்கிழமை, மஃரிபு என்னும் அந்தித் தொழுகை முடிந்த நேரம். பொழுது சாய்ந்தால் மறுநாள் கணக்கு; எங்களுக்கு அது வெள்ளி இரவு. அந்த நேரத்தில் ஒரு வீட்டில் சாம்பிராணி புகைந்தால் மறைந்தவர்கள் பேரில் ஃபாத்திஹா ஓதுகிறார்கள் என்று அர்த்தம். ஓதினால், வந்தவர்களுக்குப் பங்கு வைக்கும் இனிப்பு, சீரணி உண்டு.

ரயில் ஒரு சுற்று முடிப்பதற்குள் தெருவே கிண்ணத்தோடு வாசலில் நின்றது. ஓதிக்கொடுக்கும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் தொப்பியைச் சரிசெய்தபடி வந்துவிட்டார்.

"என்ன லாத்தா, ஒரு வார்த்த சொல்லல? யாருக்கு ஓதுறீக?" என்றாள் பக்கத்து வீட்டு யும்னா.

நஸீஹா பாக்கரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ஜின் தானாக நின்றது. ஆனால் சாம்பிராணி மணந்த வீட்டிலிருந்து வெறுங்கிண்ணத்தோடு யாரை அனுப்ப முடியும்? அடுக்களைக்குப் போய் அவலில் தேங்காயும் சீனியும் பிசைந்து கொண்டுவந்தாள். ஹஜ்ரத் ஓதி முடித்து, "பயணம் போற வண்டி, அதுக்கும் ஒரு துஆ கேட்டுருவோம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. என்னைத் தவிர.

கூடத்தின் இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நடுவே தண்டவாளம். அவலை எப்படி அனுப்புவது என்று நஸீஹா கொஞ்சம் நின்றாள். பிறகு குனிந்து, கூட்ஸ் பெட்டிகளில் தன் கையாலேயே அவலை நிரப்பினாள். வெள்ளைப் புகையோடு ரயில் கிளம்பியது. ஆண்கள் பெட்டியைக் காலி செய்து திருப்பி அனுப்ப, அவள் நிரப்பி நிரப்பி அனுப்பினாள். ஹஜ்ரத் மட்டும் மூன்று முறை பெட்டியைக் காலி செய்தார்.

கூட்டம் கலைந்ததும் பாக்கர் தண்டவாளத்தைக் கழற்ற உட்கார்ந்தார். நஸீஹா அவர் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கினாள்.

"கூட்ஸ் பெட்டி பத்தல. இன்னும் ரெண்டுக்குச் சொல்லிவிடுங்க. மத்த நாளுல அந்த மருந்துக்கடை எண்ணெயே ஊத்துங்க. சாம்பிராணி, நான் சொல்ற அன்னைக்கு மட்டும்."