லார்க்கின் ஊர் ஐந்து டாலர்

ஒமஹா நாணயக் கண்காட்சியில் மைலோ கூபிக்கின் மேசைமுன் உட்கார்ந்த டேரல், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறை ஒன்றை நீட்டினான். உள்ளே லார்க்கின் ஊர் வங்கியின் பெயர் போட்ட ஐந்து டாலர் நோட்டு, 1908ஆம் வருடத்தது. அப்போதெல்லாம் நெப்ராஸ்காவில் சின்ன ஊர் வங்கிக்குக்கூடத் தன் பெயரில் நோட்டு உண்டு. லார்க்கின் நோட்டுகளில் இன்று மிஞ்சியவை மூன்று. அவற்றில் ஒன்றை அவன் மனைவி ஜோலின் ஆறு வருடம் தேடிப் பிடித்தாள். ஜூனில் இறந்துபோனாள்.

விற்க அவன் வரவில்லை. எந்த நோட்டு யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்று சேகரிப்பவர்களுக்காக மைலோ ஒரு பதிவேடு வைத்திருந்தார். அதில் ஜோலின் பெயருக்கு நேரே ‘மூன்றில் சிறந்தது’ என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மைலோ உறையைத் தொடவில்லை. பக்கத்து மேசை கிளைட் எட்டிப் பார்த்தார்.

“யாருப்பா இதத் துவைச்சது? என் கல்யாணச் சட்டைகூட இவ்வளவு வெளுப்பு இல்ல.”

“வாய மூடு, கிளைட்,” என்றார் மைலோ.

பிப்ரவரியில் ஜோலின் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, டேரல்தான் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி இஸ்திரி போட்டான். அழுக்குப் போனால் மதிப்புக் கூடும் என்று நினைத்தான். அவள் வாங்கிப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். அன்று சூப் முழுவதும் குடித்தாள்.

அலசிய நோட்டுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பே இல்லை என்று மைலோ இப்போது சொன்னார். அது அவளுக்குத் தெரியுமா என்று டேரல் கேட்டான். மைலோ பதிவேட்டைத் திருப்பி வைத்தார். மார்ச் 4. அலசி, அழுத்தப்பட்டது. மூன்றில் கடைசி. செய்தவர்: உரிமையாளர்.

“போன் பண்ணி, தானே பண்ணிட்டதா சொன்னா. நான் நம்பல. மூச்சுக்காத்து படாம நோட்டப் பாக்குறவ அவ. ஆனா உரிமையாளர் சொல்றதத்தான் எழுதணும். அதான் இங்க வழக்கம்.”

ஏழு மாதமாக எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களும்.

“இப்ப உரிமையாளர் யாரு?”

“நீதான்.”

“அப்ப எழுதுங்க. அவ இல்ல, நான்.”

மைலோ பேனாவை எடுக்கவில்லை. “உனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ சொன்னா, டேரல். அது ஒண்ணுதான் கேட்டா.”

“தெரிஞ்சிடுச்சே.”

மைலோ ஒரு சொல்லை அடித்து, மேலே ‘கணவர்’ என்று எழுதினார். டேரல் குனிந்து படித்தான். நிலை என்ற கட்டத்தில் மாற்ற எதுவும் இல்லை.