விழுங்கிய விசில்

கடைசி விசிலை நடுவர் விழுங்கிவிட்டதால், அந்த வருடத்துக் கல்லூரிக் கால்பந்து இறுதிப்போட்டி பதினோரு வருடமாக முடியாமல் இருந்தது. கோப்பை கொடுத்தாகிவிட்டது, படம் எடுத்தாகிவிட்டது, ஊர்வலம் போயாகிவிட்டது. ஆட்டம் மட்டும் முடியவில்லை. அன்று மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் எந்த மழைக்கும் அழியவில்லை. கோடு போடுகிற வேலை மிச்சம் என்று கல்லூரியில் சந்தோஷப்பட்டார்கள். அலமாரியில் வைத்த பந்தில் காற்று இறங்கவில்லை. ஜெயித்த அணியில் பத்துப் பேருக்கு அதன்பிறகு களைப்பு என்பதே வரவில்லை. ஒருவர் கடையை மூடாமல் நடத்தினார். ஒருவர் மூன்று இடத்தில் வேலை பார்த்தார். கேப்டன் வக்கீலாகி, நாள் முழுக்க வாதாடிவிட்டுச் சாயங்காலம் கட்சிக் கூட்டத்திலும் பேசினார். உழைப்பாளிகள் என்று ஊர் அவர்களைப் புகழ்ந்தது. எதிரணி வேறு ஊர்க்காரர்கள். அவர்கள் செய்தி தெரியவில்லை. பதினோராவது ஆளின் இடது முழங்கால் மட்டும், அன்று சாயங்காலம் வீங்கிய அளவிலேயே வீங்கி, அன்று சுட்ட சூட்டிலேயே சுட்டுக்கொண்டிருந்தது.

பின்னால் நின்று தடுத்து ஆடியவன் அவன். சுவர் என்று கூப்பிட்டார்கள். அந்த ஆட்டத்தின் முதல் பாதியிலேயே அவனுக்கு முட்டியில் அடிபட்டுவிட்டது. இடைவேளையில் கோச் அவனை அறைக்குள் கூட்டிப்போய், மரத்துப்போக ஊசி போட்டு, திரும்ப இறக்கிவிட்டார். கல்லூரி ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசி நிமிடத்தில் கோலை நோக்கி வந்த பந்தைச் சுவர் அதே முட்டியால் மறித்தான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் பார்வையாளர் காலரிவரை கேட்டது. முட்டியில் பட்டுத் தெறித்த பந்து நேராக நடுவரின் வாயில் போய் அடித்தது. முடிவு விசில் ஊதுவதற்காக அப்போதுதான் அவர் விசிலை வாயில் வைத்திருந்தார். விசில் உள்ளே போய்விட்டது. நடுவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “ஜெயிச்சாச்சு!” என்று கோச் கத்தினார். கூட்டம் இறங்கிவிட்டது. கோலுக்கு முன்னால் புல்லில் கிடந்தவனைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். அவனுடைய அக்கா காலரியிலிருந்து இறங்கி வந்து, சோடா ஏற்றி வந்த மூன்று சக்கர வண்டியைக் கேட்டு வாங்கி, அதில் அவனைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனாள். அவள் கல்லூரி கேட்டைத் தாண்டும்போது உள்ளே படம் எடுக்க அணியை நிற்க வைத்தார்கள். ஓர் இடம் காலியாக இருந்தது. அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த உபரி ஆட்டக்காரனை அந்த இடத்தில் நிறுத்திப் படத்தை எடுத்துக்கொண்டார்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும் இன்றைக்குத்தான் அடிபட்டிருக்கிறது, ஐஸ் வையுங்கள், மூன்று நாளில் வீக்கம் வடியும் என்றார்கள். மூன்று நாள் கழித்துப் போனாலும் அதையேதான் சொன்னார்கள். முட்டியில் வைத்த ஐஸ் அடுப்பில் வைத்ததுபோல் கரைந்தது. வாங்கிக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் அக்கா ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகரப் பெட்டிகளைக் கொக்கி போட்டு இழுப்பது, உறைந்த ஐஸ் பாளங்களைக் கவிழ்ப்பது, ரம்பத்தால் அறுப்பது, மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றுவது அவள் வேலை. ஆளுயரப் பாளத்தைத் தனியாகத் தூக்குவாள். சாயங்காலம் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோவாள். வீட்டில் தம்பி ஸ்டூலில் காலை நீட்டி, கீழே வாளி வைத்து, மடியில் யாருடைய மின்விசிறியையோ பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருப்பான். தூங்கமாட்டான். வலி தூங்க விடவில்லை. பதினோரு வருடமும் அந்த வீட்டுத் தரை காயவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் வாசலிலேயே வழுக்கி விழுந்து திரும்பிப் போனார்கள். அக்கா அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவள் ரம்பம் எடுத்தால் முதலாளியே தள்ளி நின்றுதான் பேசுவார்.

அந்தத் தொழிற்சாலைக்குத்தான் ஒரு நாள் கேப்டன் வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மைதானத்தில் விழா, ஜூஸில் போட ஐஸ் வேண்டும், உள்ளே வெள்ளை இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்றார். என்ன விழா என்று கேட்டாள். கோப்பை ஜெயித்த அந்த வருடத்தின் தலைசிறந்த பதினோரு ஆட்டக்காரர்களுக்குப் பாராட்டு, எல்லோருக்கும் பதக்கம் என்றார். ரம்பம் நின்றது.

“பதினோரு பேரா? சுவருக்குமா?”

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். “அக்கா! நீங்களா? அடடா, எப்படி இருக்கான் நம்ம சுவர்? வரணும் வரணும்னு நினைப்பேன். எங்க நேரம் கிடைக்குது?”

“உங்களுக்குத்தான் களைப்பே கிடையாதாமே. நேரத்துக்கு என்ன குறைச்சல்? பதக்கம் அவனுக்கு உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

கேப்டன் வக்கீல் குரலுக்கு மாறினார். “கமிட்டியில ஒரு விதி வெச்சிருக்காங்கக்கா. கடைசி விசில் அடிக்கிறப்ப மைதானத்துல யார் இருந்தாங்களோ அவங்களுக்குத்தான். போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணினாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆனா அவனை நீங்கதானே வெளிய தூக்கிட்டுப் போனீங்க?”

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். பிறகு, “எந்த விசில்?” என்றாள்.

கேப்டன் சிரித்தார். நாலு பாளம் போதும் என்று சொல்லிவிட்டு, களைப்பே இல்லாமல் வண்டியேறிப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாக்கைத் தரையில் அறைந்தாற்போல் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். விடுக்கா, பதக்கத்தை வெச்சு என்ன பண்ணப்போறேன் என்று தம்பி திருப்புளியைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

“என் இடத்துல யாரு வாங்கறா?”

“போட்டோவுல நின்னவன்.”

முட்டியில் வைத்திருந்த ஐஸ் முழுத்துண்டும் அந்த நிமிடமே தண்ணீராகி வாளியில் விழுந்தது. மறுபடி ஐஸ் கொண்டுவர அவள் வெளியே போனாள். ஆனால் தொழிற்சாலைக்குப் போகும் முன் பேருந்து நிலையத்துக்குப் போனாள்.

நடுவர் அங்கேதான் வேலை பார்த்தார். வயிற்றில் விசில் இருந்ததால் அவர் இருமினாலும் தும்மினாலும் அது ஊதியது. பின்பக்கமாக எடுக்கும் பேருந்துகளுக்கு வழி காட்டுகிற வேலைக்கு அது தோதாக இருந்தது. நிர்வாகம் அவருக்குத் தனியாக விசில் தரவில்லை. நடுத்தூண் பக்கம் கால் மூச்சு, அரை மூச்சாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“முழு மூச்சு இழுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்மா. விசில் குறுக்கால திரும்பிடுமாம். சின்னச் சின்னதா ஊதலாம். முடிவு விசில்னா நீட்டி ஊதணும். என்னால ஆகாது.”

“என் தம்பி பதினோரு வருஷமா அந்த ஒரு நிமிஷத்துலயே கிடக்கான். நீங்க மூச்சு விடப் பயந்துக்கிட்டு பஸ்ஸுக்கு வழி காட்டிட்டிருக்கீங்க.”

“யாருமே வந்து கேக்கலையேம்மா,” என்றார் நடுவர்.

உண்மைதான். கல்லூரி கேட்கவில்லை. கோச் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அவள் ஐஸ் அறுத்துக்கொண்டிருந்தாள். தன்மேல் வந்த அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர் தலையிலேயே போட்டாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரீங்க. வரலைன்னா வண்டியில கட்டித் தூக்கிட்டுப் போவேன். நான் எவ்வளவு தூக்குவேன்னு ஐஸ் கம்பெனியில விசாரிச்சுப் பாருங்க.” நடுவர் பயத்தில் ஒரு விசில் ஊதினார். பின்பக்கமாக வந்துகொண்டிருந்த பேருந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பாளம் ஏற்றிய மூன்று சக்கர வண்டியைக் கல்லூரிக் காவலாளி எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார். பாளங்களுக்குமேல் சாக்கு, சாக்குக்குமேல் காலை நீட்டிக்கொண்டு சுவர், பின்னால் தொற்றிக்கொண்டு நடுவர். மேடையை மைதானத்துக்கு வெளியே, சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அதில் பதினோரு நாற்காலி. முன்னால் மேஜையில் கோப்பையும் காற்று இறங்காத அந்தப் பந்தும் இருந்தன. பத்துப் பேரும் வயிறு தள்ளி, முடி உதிர்ந்து, களைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பதினோராவது நாற்காலியில் உபரி ஆட்டக்காரன். எல்லோருக்கும் பதக்கம் மாட்டியாகிவிட்டது. அக்கா ஜூஸ் பந்தல் பக்கம் போகாமல் வண்டியைக் கோட்டின் மேலேயே ஏற்றி மைதானத்துக்குள் விட்டாள். கோலுக்கு முன்னால் தம்பியை இறக்கினாள்.

“இங்கேயா?”

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்க்கா. இங்க நின்னிருந்தா பந்து உள்ள போயிருக்கும்.”

அந்த வேளையிலும் அவன் அதைத்தான் பார்த்தான். அவள் நகர்த்தி நிறுத்தினாள். அவன் ஒற்றைக்காலில், வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைக்கில் கோச் பேசிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. இந்தப் பதினோரு சிங்கங்களும் கடைசி விசில்வரை களத்தை விட்டு நகராதவர்கள், வலி என்ற சொல்லே என் அணியில் கிடையாது என்றார். கூட்டம் கைதட்டியது.

“கோச்சு!” என்று அக்கா கத்தினாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. “இப்ப களத்துல எத்தனை பேரு நிக்கறாங்க? எண்ணிப் பாருங்க! ஊசி போட்டீங்களே, அந்தக் காலு இன்னும் மைதானத்துலதான் நிக்குது. உங்க சிங்கமெல்லாம் நாற்காலியில உக்காந்திருக்கு!”

கோச் மைக்கைக் கையால் மூடினார். “யாரும்மா நீ? விழா நடக்குறது தெரியலையா?” என்றார். யாரென்று அவருக்குத் தெரிந்தது.

அவள் நடுவர் பக்கம் திரும்பி, ஊதுங்க என்றாள். நடுவர் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்து வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தலையை ஆட்டினார். அவள் சாக்கை விலக்கி, கண்ணாடி மாதிரி இருந்த பாளத்திலிருந்து கொக்கியால் ஒரு கை அளவு பெயர்த்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முதுகுக்குள் போட்டாள். நடுவர் துள்ளி, பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு முழு மூச்சை இழுத்தார். அதை விட்டார்.

விசில் நீண்டு ஒலித்தது. ஊருக்கு வெளியே ரயில் நின்றது என்று பிறகு சொன்னார்கள். மேஜையில் இருந்த பந்து மெல்லச் சுருங்கி உட்கார்ந்தது. மேடையில் கேப்டன் எழுந்து ஏதோ ஆட்சேபணை சொல்ல வாய் திறந்தார். திறந்த வாயோடு நாற்காலியில் சரிந்து குறட்டை விட்டார். அடுத்தவரும் சரிந்தார். பதினோரு வருடமாக வராத களைப்பு பத்துப் பேருக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. பதக்கங்கள் தொப்பைமேல் ஏறி இறங்கின. உபரி ஆட்டக்காரன் மட்டும் விழித்துக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்தில் அவன் ஓடவேயில்லை. களைக்க அவனுக்கு ஒன்றும் இல்லை. பத்து குறட்டைகளுக்கு நடுவே அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது.

“முடிஞ்சுதாக்கா?” என்றான் சுவர்.

“முடிஞ்சுதுடா.”

அவன் அங்கேயே புல்லில் படுத்துத் தூங்கிப்போனான். அவள் முட்டியைத் தொட்டாள். வீக்கம் இல்லை, சூடு இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஒடிந்து, எந்த டாக்டரும் சேர்த்துக் கட்டாமல் தானாகக் கோணிச் சேர்ந்த பழைய முட்டியாக அது ஆகிவிட்டிருந்தது. இனி மடங்காது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். நடுவர் பக்கத்தில் நின்று வெறுமனே இருமிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் இருமல்தான் வந்தது.

உபரி ஆட்டக்காரன் இறங்கி வந்து பதக்கத்தைக் கழற்றி நீட்டினான். சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று அதில் எழுதியிருந்தது. “அக்கா, சத்தியமா சொல்றேன், நான் போட்டோவுல நிக்க மட்டுந்தான் போனேன். நிக்கச் சொன்னாங்க.”

“நிக்கச் சொன்னா நிப்பியா? பதினோரு வருஷமா?”

அவள் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மேடையில் கல்லூரி முதல்வர் மட்டும், எழுதி வந்த உரை வீணாகக் கூடாது என்று, தூங்குகிறவர்களைப் பார்த்து அதைக் கடைசிவரை படித்து முடித்தார்.

பத்துப் பேரும் மூன்றாம் நாள் எழுந்தார்கள். அதன்பிறகு எல்லோரையும் போலக் களைத்தார்கள். கேப்டன் நீதிமன்றப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். மாலைக் கூட்டங்களுக்குப் போவதை விட்டார். அடுத்த மழையில் சுண்ணாம்புக் கோடுகள் அழிந்தன. சுவர் ஒன்பது நாள் தூங்கி எழுந்து, காய்ந்த தரையில் காலை இழுத்து இழுத்து நடந்தான். எழுந்ததும், “அந்தப் பதக்கம் எங்கக்கா?” என்றுதான் கேட்டான்.

“மைதானத்துல இருக்கு. போய்ப் பாரு.”

விழாவன்றே அவள் தொழிற்சாலைக்குத் திரும்பிப்போய், பதக்கத்தை ஒரு தகரப் பெட்டித் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டு, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கியிருந்தாள். உறைந்த பாளத்தை மறுநாள் மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து, கோலுக்கு முன்னால், தம்பி விழுந்த இடத்தில் நட்டுவைத்தாள். ஒரு நாளில் கரைந்துவிடும் என்று முதல்வர் பேசாமல் இருந்தார். அது கரையவில்லை. அந்தக் கோடையிலும் கரையவில்லை, அடுத்த கோடையிலும் கரையவில்லை. கடப்பாரைக்கும் உடையவில்லை. நடுவில் பதக்கம் தெளிவாகத் தெரிகிறது, எழுத்தை வாசிக்கலாம்.

இப்போது அந்தக் கல்லூரியில் ஆடுகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. அடிபட்டவன் முதலில் போய் முட்டியை அந்தப் பாளத்தில் சாய்த்துக்கொண்டு உட்காருகிறான். ஆட்டம் முடிந்ததும் படம் எடுப்பவர், அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அணியை நிற்க வைக்கிறார். யாராவது இருந்தால் மற்றவர்கள் அங்கே போய் நிற்கிறார்கள்.