பீச்சாங்கால் படை

மாமா அந்தப் படத்தை எதற்காக ஏணி போட்டு டியூப்லைட்டுக்கும் மேலே ஏற்றி மாட்டினார்? கிளப் ஆபீசுக்குள் நுழைந்ததுமே அவளுக்கு அதுதான் உறுத்தியது.

போன வாரம்வரை கண்ணுக்கு நேராக இருந்த படம். கிளப்பின் முதல் கேப்டன் இடது காலால் பந்தை உதைக்கிறார். அதைப் பார்த்துத்தான் ஊரே இடது காலால் ஆடப் பழகியது. நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட இடது கால் பக்கமே பந்தை உருட்டுவார்கள். 'பீச்சாங்கால் படை' என்று எதிரணி கேலி செய்தபோது, அதையே கொடியில் எழுதிக்கொண்ட ஊர்.

அங்கே அவள் மட்டும் வலது கால். நூற்றாண்டு மேட்சில் உனக்கு இடமில்லை என்று கோச் சொல்லிவிட்டார். கோச் அவளுடைய சொந்த மாமா.

"வலது கால்ல போட்டா கோல் இல்லையா மாமா?"

"கோல்தான். நம்ம கோல் இல்ல. கமிட்டி ஒத்துக்காது. போய் பந்துக்குக் காத்தடி, போ."

"படத்தை ஏன் மேல மாத்தினீங்க?"

"கீழ தூசி படியுது."

"மேல தூசி லீவா?"

மாமா விசிலைத் தேடினார். அது கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான்.

அவர் டீ குடிக்கப் போனதும் அவள் மேஜைமேல் ஏறினாள். இடப்பக்கம் இருக்கவேண்டிய கேப்டனின் சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. பின்னால் நின்றவருக்கும் வலது பக்கம். படத்தில் இருந்த அத்தனை பேருக்கும்!

"இறங்குடி!" மாமா வாசலில் நின்றார்.

"படத்தை இடம் வலமா மாத்திப் பிரிண்ட் போட்டிருக்காங்க. கேப்டன் வலது கால்! உங்களுக்குத் தெரியும், இல்ல?"

மாமா கதவைச் சாத்தினார்.

"புது ஜெர்சியில பையை ஏன்யா வலப்பக்கம் வெச்சேன்னு டெய்லரைத் திட்டப் போனேன். இதைப் பாத்துத்தான் தெச்சேன்னு அவன் இந்தப் படத்தைக் காட்டினான். கத்தாத. ஊரே ஒத்தக்கால்ல நிக்குது. அதைத் தட்டிவிடச் சொல்றியா?"

"நான் யார்கிட்டயும் சொல்லல. என்னை ஆட விடுங்க."

"மிரட்டுறியா?"

"கேப்டன் மாதிரி ஆடறேன்னு சொல்றேன்."

மாமா அவளுடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பீரோவைத் திறந்து ஒரு ஜெர்சியை எடுத்து வீசினார்.

"கமிட்டியை நான் பாத்துக்கறேன். கோல் மட்டும் விழட்டும், படத்தைக் கீழ இறக்கி உண்மையச் சொல்லிடலாம்."

அவள் ஜெர்சியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். படம் இன்னும் மேலே ஏறிவிடுமோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

"அதுவரைக்கும் ஏணி எங்க வீட்ல இருக்கட்டும் மாமா."