சாம்பலுக்காக ஒரு கோட்டு

இலக்கிய உலகமே எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது: ‘எலும்புப் பள்ளத்தாக்கு’ என்னும் மாபெரும் நாவலைப் படைத்தவர், வியாழக்கிழமை மாலை பரிசு வாங்குவதற்காகக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த இடம்தான் தப்பு.

அந்தத் தையல்கடையில் ஒரு வழக்கம். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலை இல்லாத நேரத்தில் மனைவி உரக்கக் கதை படிப்பார். கணவர் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பார். அப்படித்தான் ‘எலும்புப் பள்ளத்தாக்கு’ உள்ளே வந்தது. பாலைவனம், புழுதி, தோட்டாவுக்குள் மந்திரத்தை ஊதி அடைக்கும், கௌபாய் படத்துப் போலீஸ் மாதிரி ஒரு ஷெரீப். மனிதர்களில் ஒருவனும் தேறமாட்டான். நல்ல ஜீவன் என்று இருந்தது சாம்பல் என்கிற குதிரை மட்டும். முப்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் அது குண்டடிபட்டுச் சாய்ந்தது. டெய்லரின் விரல் நகத்தில் ஊசி இறங்கியது.

“மூடு அதை! இனிமே அந்தப் புஸ்தகத்தோட பேச்சே என் காதுல விழக் கூடாது!”

தடை மனைவிக்குத்தான். டெய்லர் மட்டும் வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் கருத்துச் சொன்னார். அவர்களும் சும்மா இருக்கவில்லை.

“ஆறு குண்டு போடுற துப்பாக்கில பதினோரு பேரைச் சுடுறான்ணே. நடுவுல நிரப்பவே இல்லை” என்றார் மெக்கானிக்.

“நானூறு பக்கம். ஒருத்தன்கூடக் குளிக்கலை” என்றார் கணக்கு டீச்சர்.

“அதை விடுங்க. குதிரையைக் கொன்னவன் விளங்குவானா?” என்பார் டெய்லர். விவாதம் அத்தோடு முடியும். கழுத்தைச் சுற்றி டேப் போட்டிருப்பவரை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

எழுத்தாளர் அளவு பார்க்க வந்தார். கண்ணாடி முன் நின்று இரண்டு விரலைத் துப்பாக்கியாக நீட்டினார். பின்னட்டைப் படத்திலும் அதே கோலம்.

“டெய்லர், மேடையில இப்படித்தான் நிப்பேன். கை பிடிக்கக் கூடாது.”

“பிடிக்காது சார். ஒண்ணு கேக்கணும். குதிரையை ஏன் சார் கொன்னீங்க?”

“எந்தக் குதிரை?”

டெய்லர் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“சாம்பல்.”

“ஓ, அதுவா!” எழுத்தாளர் மேலும் சொல்ல வாயைத் திறந்தார். போன் அடித்தது. திறந்த வாயைப் பரிசுக் கமிட்டித் தலைவருக்குக் கொடுத்துவிட்டார். “தலைவரே! என் நாற்காலி நடுவுலதானே?” என்று பேசிக்கொண்டே கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெற்ற பிள்ளையின் பெயரே தெரியாத தகப்பனைப் பார்ப்பதுபோல டெய்லர் அவர் முதுகைப் பார்த்தார். பிறகு கோட்டின் இடது கையை ஒழுங்காகத் தைத்தார். வலது கையை நூலோட்டத்தோடு விட்டார். அளவு பார்க்கப் போடும் தற்காலிகத் தையல் அது. பலமாகத் தும்மினாலே விட்டுவிடும்.

“ஏங்க, இந்தக் கைக்குத் தையலே போடலையே?” என்றார் மனைவி.

“தெரியும்.”

“பாவம்ங்க அந்த மனுஷன்.”

“சாம்பல் பாவமில்லையா?”

மனைவி ஏதோ சொல்ல வந்தார். தடை நினைவுக்கு வந்தது. காஜாவுக்குத் திரும்பினார்.

வியாழக்கிழமை இருவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். ‘மண்ணின் குரூரத்தை மானுடத்தின் முகத்தில் அறைந்தவர்’ என்று தலைவர் வாழ்த்தினார். எழுத்தாளர் எழுந்தார், இடது கையில் பரிசுக் கேடயத்தை வாங்கினார், வலது கை விரல்களை நீட்டினார், கையை உயர்த்தினார். கை உயர்ந்தது, கோட்டின் கை உயரவில்லை. தோளோடு கழன்று, மணிக்கட்டு வழியாக நழுவி, தலைவரின் தண்ணீர் டம்ளரில் விழுந்தது. உள்ளே போட்டிருந்த சட்டையின் அக்குளில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அரங்கம் அரை நிமிடம் அடக்கிப் பார்த்தது, முடியவில்லை. கடைசி வரிசையிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். எழுத்தாளர் ஓட்டையைக் கேடயத்தால் மூடிக்கொண்டு இறங்கினார்.

டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாம்பலுக்குப் பழி வாங்கியாச்சு. இனிமே அந்தப் புஸ்தகத்தைப் பத்தி நீ என்ன வேணா பேசலாம்.”

“மிச்சத்தை நானே அப்பவே படிச்சு முடிச்சேங்க.”

“என்ன ஆச்சு?”

“முப்பத்தோராவது அத்தியாயத்துல குதிரை எழுந்திரிச்சுப் புல்லு மேயுது.”