ஞாயிறு மூன்றிலிருந்து நான்கு வரை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு பேர் அவன் வாயைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். எந்தத் துணி எந்த இயந்திரத்துக்கு, யாருக்கு எப்போது விடுப்பு, எல்லாம் அவன் சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே கதைதான். தங்கை கல்யாணம் முதல் குழாய் ரிப்பேர் வரை அவன் தலையில்தான் விடியும். அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. பதினோரு வருடமாக மனைவியிடம் சொல்ல வாய் வராத ஆசை.

ஒரு சனிக்கிழமை காலை, வெங்காயம் உரிக்கும்போது சொல்லிவிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம் என்ற தைரியம்.

"வாரத்துல ஒரு மணி நேரம் நீ சொல்றதை நான் கேக்கணும். எங்க உக்காரணும், எப்ப பேசணும், எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணணும். என்னை நீ, வா, போன்னு கூப்பிடணும்."

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். "நாள் பூரா ஊருக்கே சொல்லிட்டு வரேன், வீட்டுலயுமா?" என்று சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?"

"நினைச்சாலே தலைச்சுமையை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு."

"எனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுவேன்."

"சொல்லணும்."

அன்று மாலையே ஒரு தாளில் எழுதினார்கள். ஞாயிறு மூன்றிலிருந்து நான்கு வரை. அடி கிடையாது. மூன்றாம் மனிதர் காதுக்குப் போகக்கூடாது. யார் "குடை" என்று சொன்னாலும் அந்த நொடியே எல்லாம் நிற்கும். முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி விதி அவளுடையது. எங்கே பயந்தீர்கள் என்று கேட்காமல் எந்த மாணவரையும் அவள் காரிலிருந்து இறக்கிவிடுவதில்லை.

முதல் ஞாயிறு. "போனை அணைச்சு வை. என் நாற்காலி பக்கத்துல தரையில உக்காரு. நான் கேக்கற வரைக்கும் பேசாதே." 'உக்காரு' என்னும்போது அவள் குரல் லேசாகத் தடுமாறியது. பத்து நிமிடம் அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு, தான் முடிவெடுக்க எதுவுமே இல்லை என்பது மெல்ல உறைத்தது. நான்கு மணிக்கு உடம்பு பஞ்சாக இருந்தது.

"எனக்கும் பிடிச்சுது. ஆனா அதிகாரம் பண்றது இவ்வளவு வேலைன்னு தெரியாது. உங்க மேலயே கண்ணு இருக்க வேண்டியிருக்கு" என்றாள்.

மூன்றாம் ஞாயிறு முட்டி போடச் சொன்னாள். துணி வண்டி மோதிய பழைய காயம் அவனுடைய வலது முட்டியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். நான்கு மணிக்கு எழ முடியவில்லை, முட்டி வீங்கியிருந்தது.

"அப்ப குடையை மழைக்கா வாங்கி வெச்சோம்?" அவள் கொதித்துப் போனாள். "வலிச்சா சொல்லுவீங்கன்னு நம்பித்தானே நான் சொன்னேன்? வாயை மூடிட்டு என்னைக் கொடுமைக்காரி ஆக்கிட்டீங்களே!"

"பொறுத்துக்கிட்டா உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்."

"பொறுத்துக்கறது உங்க பழக்கம். நான் அதைக் கேக்கல."

இரண்டு ஞாயிறு எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அவனே தாளை எடுத்துவந்து, 'வலது முட்டி' என்று எழுதி அவளிடம் நீட்டினான். வாசித்துவிட்டு, "சரி" என்றாள்.

அந்த ஞாயிறு துணி மடிக்கச் சொன்னாள். அவன் ஆற அமர மடிக்க, விளையாட்டாகக் கேட்டாள்: "உதவாக்கரை, இன்னுமா முடியல?"

அந்தச் சொல்லை விழுங்கிவிடலாம் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தான்.

"குடை."

அடுத்த நொடி அவள் தரையில், அவன் பக்கத்தில் இருந்தாள். "எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல. அந்த வார்த்தை. அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பேர் சொன்னதே இல்ல."

"பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூடச் சொன்னதில்லையே நீங்க."

"யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பேசினான். பள்ளிக்கூட வாசலில், உறவினர் முன்னால், வேலை கிடைத்த நாளில்கூட அப்பா அப்படி அழைத்ததைச் சொன்னான். பேசி முடித்தபோது மணி நாலரை.

"அடுத்த வாரம் வேணுமா, விட்டுடலாமா?"

"வேணும்" என்றான். "இன்னைக்குத்தான் நிஜமாவே உன்னை நம்பினேன்னு தோணுது."

அவள் தாளில் 'உதவாக்கரை' என்று எழுதி, அதன் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு கிழித்தாள்.