ஈஸ்ட் மேல் விழுந்த பழி

"கோடு எழுந்திருச்சா அண்ணி?"

"நல்லாப் படுத்துத் தூங்குது, உன் அண்ணன் மாதிரி."

ஆய்வகத்தில் அண்ணி இயக்கும் அளவுக் கருவியின் திரையில் கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரையைத் தின்றுவிட்டு, மருந்துக்கான ஸ்டீராய்டைத் தரும்படி ஈஸ்டின் மரபணுக்களை மாற்றியவள் அவள். மூன்று வருட உழைப்பு. முதலில் கொஞ்சம் கிடைத்தது, திரையில் கோடும் எழுந்தது. மூன்று வாரமாக ஒன்றுமில்லை. இன்று மதியத்துக்குள் எதையாவது காட்டாவிட்டால், ஈஸ்டை நீராவியில் கொன்றுவிட்டு, அது வளரும் தொட்டியை அடுத்த குழுவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார் மேலாளர்.

"சோம்பேறி ஈஸ்ட்!"

"அதை ஏன் திட்டுறே? நல்லா வளருதா?"

"தின்னு கொழுத்து நுரை தள்ளுது."

"அப்போ வேற என்னத்தை மாத்தினே?"

"ஒண்ணுமே இல்லை. அதே சர்க்கரை, அதே சூடு, அதே நான்."

தொட்டியிலிருந்து நாத்தனார் மாதிரி எடுத்து வந்த குழாய் ஒன்று காலியாகக் கிடந்தது; அண்ணி அதை மேசையில் தட்டினாள். மொத்தென்று ஒரு சத்தம் வந்தது.

"இது பிளாஸ்டிக்காச்சே. கண்ணாடியிலதானே கொண்டு வருவே?"

"அந்தப் பெட்டியைக் கீழே போட்டு உடைச்சுட்டேன். குழாய்தானேன்னு யார்கிட்டயும் சொல்லலை."

"எப்போ?"

"மூணு வாரம்..." நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா, நீ எடுக்கிறது எண்ணெய்க் குணமுள்ள சரக்கு. தண்ணியில அதுக்கு இருப்புக் கொள்ளாது. பிளாஸ்டிக்ல ஒரு நாள் வச்சா சுவத்துல போய் ஒட்டிக்காதா? வெறும் தண்ணியைக் கொடுத்துட்டு என்னைத் தேடச் சொல்றே!"

"அப்புறமாத் திட்டுங்க அண்ணி. ஆல்கஹால் எங்கே? ஒட்டினதை அது கரைச்சு எடுத்துடும்."

காலிக் குழாயில் ஆல்கஹாலை ஊற்றிக் குலுக்கிக் கருவிக்குள் செலுத்தினார்கள்.

"வருமா?"

"சும்மா இரு. நீ மூச்சு விடுற சத்தத்துல எனக்குக் கண்ணே தெரியலை."

ஒன்பதாவது நிமிடத்தில் கோடு தயங்கி, வளைந்து, கூராக எழுந்து நின்றது. நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மேலாளர் கதவருகே வந்து நின்றார். "தொட்டியைக் காலி பண்ணிடலாமா?"

"வேண்டாம் சார், இதைப் பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். "கொஞ்சம்தான் இருக்கு."

"இது குழாயில ஒட்டினது மட்டும் சார். தொட்டிக்குள்ள எவ்வளவு இருக்குன்னு இனிமேதான் பார்க்கணும். தப்பு ஈஸ்டோடது இல்லை, என்னோடது."

மேலாளர் இன்னொரு முறை திரையைப் பார்த்தார். "சரி, ஒரு மாசம் பாருங்க. அடுத்த குழுகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் முடிப்பதற்குள் நாத்தனார் கதவைத் தாண்டியிருந்தாள்.

"எங்கேடி ஓடுறே?"

"மதியமானதும் தொட்டிக்கு நீராவியைத் திறக்கச் சொல்லியிருந்தேன் அண்ணி! நிறுத்தணும்!"